உப்புக் காற்றில் கேமரா: ஆவணப்படக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பளங்களையும் மீனவ ஊர்களையும் படமெடுக்கக் கிளம்பும் சிறு குழுக்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இரண்டு மூன்று பேர், ஒரே கேமரா, கைக்காசு என்ற அளவில் இயங்குகிறவர்களுக்கு உதவும்படி பதில் தருகிறோம்.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 40 நிமிடப் படம் எடுக்கத் திட்டம். மே மாதம் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். அது போதுமா?
*வாசகர், மதுரை*

பத்து நாள் போதும். ஆனால் அத்தனையையும் மே மாதத்திலேயே செலவழிக்காதீர்கள். மே மாதத்தில் போனால் உப்பு வாருவதும் அம்பாரம் குவிப்பதும் மட்டும்தான் கிடைக்கும். படம் முழுக்க வெள்ளை வெயிலாக, ஒரே வேலையாக இருக்கும்.

உப்பளத்துக்கு ஒரு வருடச் சுழற்சி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி வாக்கில் பாத்திகளில் தேங்கிய மழைநீரையும் சேற்றையும் இறைத்துவிட்டு, தளத்தை நாள்கணக்கில் காலால் மிதித்து இறுக்குவார்கள். கோடையில் விளைச்சல் உச்சத்துக்குப் போகும். அக்டோபரில் மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். அம்பாரங்களைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிவிடுவார்கள். அடுத்த சில மாதங்கள் கூலி இல்லாத மாதங்கள். உங்கள் படத்தின் கனம் அங்கேதான் இருக்கப்போகிறது. ஆகவே ஜனவரியில் 3 நாள், மே அல்லது ஜூனில் 4 நாள், மழை தொடங்கியதும் 3 நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தப் பாத்தியை என்றைக்கு வாருவது என்பதை உங்கள் கால்ஷீட் தீர்மானிக்காது, நீரின் அடர்த்திதான் தீர்மானிக்கும். அந்த அடர்த்தியை அளக்கும் அலகு போமே டிகிரி. கடல்நீர் ஏறக்குறைய 3 போமே டிகிரி. அது தெப்பம் எனப்படும் தேக்கத்தில் நின்று, வெயிலில் வற்றி, 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் கசப்பு உப்புகள் கலந்துவிடும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள். முந்தைய நாள் சாயங்காலமே “நாளைக்கு எந்தப் பாத்தி அண்ணாச்சி?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். ஏழு மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

தரை வெள்ளை வெளேரென்று வருகிறது, முகங்கள் கருப்பாகிவிடுகின்றன. ஆட்டோவில் வைத்தாலும் சரியாகவில்லை.
*வாசகி, திருநெல்வேலி*

ஆட்டோவில் வைத்ததால்தான் சரியாகவில்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். காட்சிச் சட்டத்தில் முக்கால்வாசி உப்பு இருந்தால் அது ஒளியைக் குறைக்கும், கூடவே முகமும் இருண்டுபோகும்.

மேனுவலுக்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. டீக்கடை டியூப்லைட்டிலும் எல்இடியிலும் பட்டை பட்டையாக ஓடாமல் இருக்க இதுதான் வழி. மெதுவாக ஓடும் காட்சிக்கு 50 பிரேம் என்றால் ஷட்டர் 1/100. வெளிச்சத்தை ஷட்டரால் குறைக்காதீர்கள், லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி வடிகட்டியால் குறையுங்கள். கணக்கு இதோ: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) ஏறக்குறைய எஃப்/22 வரும். உங்களுக்கு எஃப்/5.6 வேண்டுமென்றால் 4 ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). நிறத்தைப் பின்னால் சரிசெய்வதற்காக வெளிறிய படமாகப் பதியும் லாக் புரொஃபைலில் ஐஎஸ்ஓ 800 வைத்திருந்தால் மேலும் 3. ஆக 7 ஸ்டாப், அதாவது என்டி 128. உப்பின் எதிரொளி சேர்ந்தால் 8 கூடத் தேவைப்படும். 2 முதல் 5 ஸ்டாப் வரைக்குமான வேரியபிள் என்டியை (திருகி அளவை மாற்றும் வடிகட்டியை) வாங்கிக்கொண்டு போய் அங்கே கைபிசைந்து நிற்பவர்கள் அதிகம். 6 முதல் 9 ஸ்டாப் வரைக்குமானதாக வாங்குங்கள். அதையும் கடைசி அளவுவரை திருகினால் அகல லென்ஸில் சிலுவை போலக் கருப்புத் தடம் விழும். அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, முகத்தைக் கணக்கில் வையுங்கள். சாதாரண புரொஃபைலில் கருத்த முகம் வேவ்ஃபார்மில் (திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) 45 முதல் 55 வரை நின்றால் நன்றாக இருக்கும். உப்பு சற்று வெளுத்துப் போகட்டும், அது உப்புதானே. ஆனால் அம்பாரத்தின் விளிம்பு தெரிய வேண்டும் என்பதால் ஜீப்ராவை (வெளிச்சம் மிகும் இடத்தில் கோடு காட்டும் எச்சரிக்கையை), உங்கள் புரொஃபைலில் வெள்ளை எங்கே அறுபடுகிறதோ அந்த அளவில் வையுங்கள். சோனியின் எஸ்-லாக்3 என்றால் அது 94. வொயிட் பேலன்ஸ் 5600 கெல்வினில் பூட்டப்பட்டிருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் உப்பிலிருந்து வரப்புக்குத் திரும்பும்போதே நிறம் மாறிக்கொண்டிருக்கும்.

தெர்மோகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தலைத்துண்டின் நிழலில் இருக்கும் முகத்துக்குத் தரையிலிருந்து உப்பே ஒளி தரும். ஆளைச் சூரியனுக்கு முதுகு காட்டி, வாராத பாத்தியைப் பார்த்தபடி நிற்கவைத்தால் போதும்.

உப்பளத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது?
*வாசகர், விருத்தாசலம்*

வரப்பில் நில்லுங்கள். பாத்திக்குள் இறங்க வேண்டுமென்றால் அந்தப் பாத்தியில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். முன்பே சொன்னோமே, தளத்தைக் காலால் மிதித்து இறுக்குவது பல நாள் வேலை. ஷூ போட்ட ஒரு கால் குதிகாலை ஊன்றினால் அந்த இடத்தில் குழி விழும், குழியில் சேறு கிளம்பும், சேறு உப்போடு கலந்து அந்த இடத்து உப்பு பழுப்பாகும். அந்த உப்புக்கு விலை கிடைக்காது. டிரைபாட் காலின் இரும்பு முனையும் அதையேதான் செய்யும். ரப்பர் முனையை மாட்டி, அடியில் ஒரு பலகைத் துண்டு போட்டு வையுங்கள்.

உங்கள் காலுக்கும் சொல்கிறோம். செறிந்த உப்புநீர் தோலை வெடிக்கவைக்கும், சின்னக் கீறல்கூடக் காந்தும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் பாதங்களை ஒரு முறையாவது அண்மையில் நின்று, அனுமதி கேட்டு, மெதுவாகப் படமெடுங்கள். பத்து ட்ரோன் காட்சி சொல்லாததை அந்தப் பாத வெடிப்பு சொல்லும்.

கடற்கரையில் மூன்று நாள் எடுத்த பிறகு லென்ஸில் வெள்ளைப் படலம். துடைத்ததில் கீறல் விழுந்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?
*வாசகர், கும்பகோணம்*

காய்ந்த துணியால் துடைத்திருப்பீர்கள். காற்றில் வரும் உப்புத் திவலை காய்ந்து படிகமாகிவிடும். அதைத் துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போல. முதலில் கைப்பம்பால் ஊதுங்கள். பிறகு மென்துணியில் இரண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்த பிறகுதான் லென்ஸ் திரவம் போட்டு வட்டமாகத் துடைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் ஒரு சாதாரண யுவி கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். கீறல் விழுந்தால் அதை மாற்றிவிடலாம்.

லென்ஸை வரப்பில் நின்று மாற்றாதீர்கள். 24–105 போன்ற ஒரே ஜூம் லென்ஸைக் காலையில் மாட்டி, அறைக்குத் திரும்பித்தான் கழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைபாடின் கால் பூட்டுகளைத் தினமும் இரவில் நல்ல தண்ணீரில் அலசி, நீட்டிய நிலையில் காயவையுங்கள். இரண்டு நாள் விட்டால் அலுமினியம் பூத்து, பூட்டு இறுகிவிடும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்கு எடுத்துப்போனால் குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரம் கோக்கும், உள்ளேயும் கோக்கும். கிளம்புவதற்கு 45 நிமிடம் முன்பே கேமராவை ஜிப் பையில் மூடி, அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். பை கேமராவோடு சேர்ந்து சூடேறும், ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். ஏசி இல்லாத அறையை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஊர் திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

காற்று இரைச்சலில் பேட்டி எல்லாம் வீண். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் சரியாகுமா?
*வாசகி, நாகப்பட்டினம்*

ஆகாது. 32 பிட் ஃப்ளோட் என்பது சத்தம் அளவு மீறினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளும் வசதி. காற்று அடித்தால் மைக்கின் சவ்வே முட்டிக்கொண்டு நிற்கும். அங்கேயே கெட்டுப்போன ஒலியை எந்த ரெக்கார்டரும் மீட்காது. அந்தப் பணத்தில் பாதியை நல்ல ரோமக் கவசத்துக்குச் செலவிடுங்கள். பஞ்சுத் தொப்பி கடல் காற்றுக்குத் தாங்காது. தாழ்ந்த இரைச்சலை வெட்டும் லோ-கட் 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும், பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டிக்கு இடம் தேர்வதுதான் பாதி ஒலிப்பதிவு. உப்பு அம்பாரத்தின் காற்று படாத பக்கம், கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மறைவு, ஓலைக் கொட்டகையின் உள்புறம் ஆகியவை நல்ல இடங்கள். தகரக் கூரை வேண்டாம், எதிரொலிக்கும்.

சட்டை மைக் தாடையிலிருந்து 15–20 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். வியர்வையில் ஒட்டாமல் கழன்றுவிடும் என்பதால் மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை, பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து, மைக்குக்கு இரு பக்கமும் வைத்து ஒட்டுங்கள். ஒரு பக்கம் துணியில் பிடிக்கும், மறுபக்கம் உடலில் பிடிக்கும், உரசல் சத்தம் நின்றுவிடும். பருத்திச் சேலை நல்லது. நைலான் சேலை என்றால் மைக்கை மாராப்புக்கு வெளியே வைத்துவிடுங்கள், தெரிந்தால் தெரியட்டும். பெண்களுக்கு மைக் மாட்டுவது குழுவில் இருக்கும் பெண்ணின் வேலை. பெண் யாரும் இல்லையென்றால் மைக்கைக் கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று உங்கள் சட்டையில் காட்டுங்கள். அவரே குத்திக்கொள்வார்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக்குகளின் அலையை மனித உடல் மறைத்துவிடும். முதுகில் டிரான்ஸ்மிட்டரைச் செருகி, முன்னால் நின்று எடுத்தால் ஒலி அறுந்து அறுந்து வரும். இடுப்பின் பக்கவாட்டில், கேமரா நிற்கும் பக்கமாகச் செருகுங்கள். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி இருந்தால் அதை எப்போதும் போட்டுவையுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒவ்வோரிடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் சூழல் ஒலி, வாருபலகை உப்பை இழுக்கும் ஒலி இரண்டு நிமிடம், கூடையிலிருந்து உப்பு கொட்டும் ஒலி இரண்டு நிமிடம் தனியாக எடுத்துவிடுங்கள். எடிட்டிங் மேசையில் அதற்காக ஏங்குவீர்கள்.

ஒரு நாளுக்கு எவ்வளவு மெமரி வேண்டும்? ஹார்ட் டிஸ்க் ஒன்று போதாதா?
*வாசகர், சேலம்*

வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. நாளொன்றுக்கு 3 மணி நேரம் பதிவு செய்தால் 135 ஜிபி. பத்து நாளுக்கு 1350 ஜிபி. ஆகவே 2 டிபி டிஸ்க் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். 128 ஜிபி கார்டுகள் நான்கு இருந்தால், ஒரு நாள் கணினியே திறக்க முடியாமல் போனாலும் தப்பித்துவிடலாம்.

இரவில் செய்ய வேண்டியது இது. கார்டின் பூட்டுக் குமிழைத் தள்ளிவிட்டு மாட்டுங்கள். கோப்புகளை இழுத்துப் போடாதீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் குளோன் வசதி இலவசம். அது நகலெடுத்து, ஒவ்வொரு கோப்பும் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கும். இரண்டு டிஸ்கிலும் நகல் முடிந்த பிறகு முதல் கிளிப், நடு கிளிப், கடைசி கிளிப் மூன்றையும் திறந்து ஓட்டிப்பாருங்கள். அதன் பிறகே, மறுநாள் காலையில், கேமராவில் வைத்து ஃபார்மேட் செய்யுங்கள். தூக்கக் கலக்கத்தில் இரவில் ஃபார்மேட் செய்வதுதான் காட்சிகள் தொலைவதற்கு முதல் காரணம். 135 ஜிபியை வினாடிக்கு 100 எம்பி வேகமுள்ள சாதாரண டிஸ்கில் ஏற்ற 23 நிமிடம் ஆகும், சரிபார்க்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு. இந்த நேரத்தில் சாப்பிடப் போகாமல் அன்றைய குறிப்பை எழுதுங்கள்: யார் பேசினார், எந்த கிளிப்பில், எத்தனையாவது நிமிடத்தில் முக்கியமான வாக்கியம். வட்டாரச் சொல் புரியவில்லையென்றால் மறுநாளே சொன்னவரிடம் கேட்டுவிடலாம்.

இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பையில் பயணம் செய்யக்கூடாது. ஒன்று உங்களிடம், மற்றொன்று கூட வந்தவரிடம்.

கிராமத்தில் மின்வெட்டு. சார்ஜுக்கு என்ன செய்வது?
*வாசகர், தர்மபுரி*

மிரர்லெஸ் கேமராவின் பெரிய பேட்டரி ஏறக்குறைய 16 வாட்-மணி. ஆறு வைத்துக்கொள்ளுங்கள். 20,000 எம்ஏஹெச் பவர்பேங்க் 72 வாட்-மணி கொண்டது. இழப்பு போக மூன்று பேட்டரியை நிரப்பும். விமானத்தில் வருவதானால் எல்லா லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள். கேமரா சூடேறி அணைந்தால் திரையை உடலிலிருந்து விலக்கி வைத்து, மேலே வெள்ளைத் துண்டு போட்டு, குடை பிடியுங்கள்.

மீனவர்களோடு படகில் போய் எடுக்க ஆசை. முன்னேற்பாடு என்ன?
*வாசகர், கோயம்புத்தூர்*

முதலில் நாள்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் போகும். அடுத்தது அனுமதி. வெளியாள் படகில் ஏறுவதை மீன்வளத் துறையிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் முன்பே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது படகுக்காரர்தான். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கக்கூடாது.

படகு உங்களுக்காகப் பாதியில் திரும்பாது, ஒரு நாள் டீசலும் பிழைப்பும் அதில் இருக்கிறது. வாந்தி வருமா என்று தெரிந்துகொள்ள முதல் நாள் கேமரா இல்லாமல் கரையோரமாக ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டியபடி ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காதீர்கள், தொடுவானத்தைப் பாருங்கள். உயிர்காப்பு அங்கி உங்கள் குழு முழுவதற்கும் வேண்டும். கேமராவை ஒரு கயிற்றால் உங்கள் உடலோடு பிணையுங்கள், படகோடு அல்ல. வலை இழுக்கும்போது கயிறு ஓடும் பக்கம் நிற்கக்கூடாது. எங்கே நிற்பது என்று அவர்கள் காட்டுவார்கள். அங்கேயே நில்லுங்கள், நல்ல கோணம் வேறு பக்கம் இருந்தாலும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?
*வாசகர், சென்னை*

2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் வேண்டும்; முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை பறக்கலாம். துறைமுகம், விமான நிலையம், கடற்படை இடங்களின் அருகே, முன் அனுமதி தேவைப்படும் சிவப்பு, மஞ்சள் மண்டலங்கள் வரும், தூத்துக்குடிக் கரையில் இவை நிறைய. அரசின் வரைபடத்தில் அன்று காலையே பாருங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள்.

தொழிலாளி ஒருவர் கூலிப் பிரச்சினை பற்றித் தைரியமாகப் பேசினார். இப்போது அவருக்கு வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பேச வைத்ததற்குப் பணம் தரலாமா?
*வாசகி, பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்*

இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை நீட்டினோம்.

அவரிடம் திரும்பிப் போங்கள். எடுத்ததைக் கணினியில் போட்டு அவருக்கே காட்டுங்கள். “இது யூடியூபில் வரலாம், உங்கள் கங்காணியும் முதலாளியும் பார்க்கலாம்” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. தாளில் உள்ளதை அவருடைய பேச்சு வழக்கில் வாய்விட்டுப் படித்து, அவர் சம்மதிப்பதையும் பதிவு செய்யுங்கள். எங்கெல்லாம் திரையிடுவீர்கள், யார் பணம் போடுகிறார்கள், எந்த நாள்வரை அவர் பின்வாங்கலாம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பின்வாங்கும் நாளை முதல் எடிட் முடியும் நாளாக வைப்பது நியாயம். ஒரு நகலும் உங்கள் போன் எண்ணும் அவரிடம் இருக்கட்டும்.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். நிழலுருவமாகக் காட்டினாலும் ஊர்க்காரர்களுக்குக் குரல் தெரியும், நடை தெரியும், சேலை தெரியும், பின்னால் இருக்கும் பனைமரம்கூடத் தெரியும். அவர் சொன்னதை வேறு ஒருவர் குரலில் பேச வைத்து, மேலே கைகளையும் கருவிகளையும் மட்டும் காட்டுவது பாதுகாப்பானது. கைகளில் தழும்போ பச்சையோ இருந்தால் அதுவும் வேண்டாம். அதே தகவலைச் சங்கத்தில் இருப்பவரோ, தொழிலிலிருந்து விலகியவரோ சொல்ல முன்வந்தால் அவரையே பேச வையுங்கள்.

பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் சொன்னதையெல்லாம் காசுக்குச் சொன்னார் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் உங்களால் அவருடைய அரை நாள் வேலை கெட்டிருந்தால் அந்தக் கூலியைக் கொடுக்காமல் வருவது தவறு. பேட்டி தொடங்கும் முன்பே, இழந்த வேலைக்கான கூலி என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பட்ஜெட்டிலேயே அதற்கு ஒரு தொகை ஒதுக்குங்கள்.

படத்தை அந்த ஊரிலேயே திரையிட விரும்புகிறோம்.
*வாசகர், புதுச்சேரி*

அவசியம் செய்யுங்கள். 3000 லூமன்ஸ் புரொஜெக்டர், பத்தடி அகல வெள்ளைத் துணி, துணிக்கு இருபுறமும் ஸ்பீக்கர் போதும். காற்றில் துணி புடைக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கட்டி, கீழ் ஓரத்தில் மூங்கில் செருகுங்கள். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். அதற்கு முந்தைய நாள், படத்தில் பேசியவர்களுக்கு மட்டும் ஒரு வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பில் போட்டுக் காட்டுங்கள். யாராவது ஒருவர் “இந்த இடம் ஊர் நடுவுல வேண்டாம் தம்பி” என்று சொன்னால், அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மறுநாள் திரையிட இரவு முழுக்க நேரம் இருக்கும்.